ஜப்பானின் முன்னறையும் நம் பின்னறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பான் போலீஸைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்தடுத்த நாள்களில் அதைப் பாராட்டி நான்கு வாசகர் கடிதங்கள். நான்கிலும் ஒரே சங்கதிதான்: அங்கே போலீஸ்காரர் சிரிக்கிறார், இங்கே முறைக்கிறார். நான் 37 வருஷம் அந்த முறைக்கிற பக்கத்தில் இருந்தவன். 1986-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2023-ல் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். அதில் 11 வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் பேப்பரில் ஏற்றுகிறவன்தான் ரைட்டர். இன்ஸ்பெக்டர் மாறுவார், எஸ்.ஐ. மாறுவார், ரைட்டரின் நாற்காலி மட்டும் தேய்ந்துகொண்டே கிடக்கும்.

என் மேஜை இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். நான் ரைட்டராக இருந்த மூன்று ஸ்டேஷன்களிலும் அது வாசலுக்கும் லாக்கப்புக்கும் நடுவில் கிடந்தது. மனு கொண்டுவந்த பெரியவர் இருமுவது ஒரு காதில் விழும். உள்ளே நடப்பது இன்னொரு காதில் விழும். போலீஸ் என்றால் எனக்கு இந்த இரண்டு அறையும்தான். நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் வெளிநாட்டின் முன்னறையைக் கொண்டுவந்து நம் பின்னறையோடு வைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கேயும் உதைக்கும்.

ஜப்பானை நானும் பார்த்தேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் டோக்கியோ போனோம். தொண்ணூறு நாள் விசா. எடோகாவா வார்டில், நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கிற நிஷி-கசாய் பக்கம் மாப்பிள்ளையின் வீடு. போன நாலாம் நாள் காலை நடைக்குக் கிளம்பி வழி தவறிவிட்டேன். எல்லா அடுக்குமாடியும் ஒன்று போலவே நிற்கிறது. ஒரு முக்கில் சிவப்பு விளக்கு போட்ட சின்னக் கட்டடம் தெரிந்தது. அதற்குக் கோபன் என்று பெயர். நம் காதுக்குக் கோபக்காரன் என்பது போல விழும். உள்ளே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், அவனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. முகவரிச் சீட்டைக் காட்டினேன். வீடு வீடாகக் குறித்த பெரிய வரைபடத்தைப் பிரித்து விரலால் தேடிக் கண்டுபிடித்தான். வாசல் வரை வந்து கை காட்டி அனுப்பினான்.

சிரிப்பு, மரியாதை எல்லாம் சரி. நான் கவனித்தது வேறு. அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் அவனை யாரும் கூப்பிடவில்லை. "எங்கேய்யா இருக்க? உடனே கிளம்பி வா" என்று மைக் அலறவில்லை. அவனுடைய இடத்தில் அவனை இருக்க விட்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே பையன் வந்து வீட்டுக் கதவைத் தட்டினான். இத்தனை வருஷம் அடுத்தவர் கதவைத் தட்டியவன்தான் என்றாலும் எனக்கு வயிற்றில் ஒரு பிடி பிடித்தது. அவன் கையில் ஒரு சீட்டு. வீட்டில் எத்தனை பேர், அவசரத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும், இவ்வளவுதான் கேள்வி. நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். மாப்பிள்ளை நிரப்பிக் கொடுத்தார். பிறந்து ஆறு நாளான பேரனையும் ஒரு ஆளாகச் சேர்த்து எழுதியதில் வீட்டுக்காரிக்கு ஏக சந்தோஷம். வட்டாரத்தை இப்படிச் சுற்றி வருவது கோபன் போலீஸின் அன்றாட வேலை. ஜப்பானியர்கள் செல்லமாக வைத்திருக்கும் பெயரே 'ஓமாவாரி-சான்', சுற்றி வருகிறவர். நாடு முழுக்கச் சுமார் 6,000 கோபன்கள். கிராமங்களில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் 'சூசாய்ஷோ' என்ற குடியிருப்புடன் கூடிய காவல் வீடுகள். அவற்றில் போலீஸ்காரர் குடும்பத்தோடு வசிக்கிறார். அவர் வெளியே போயிருந்தால் வருகிறவர்களுக்கு மனைவி பதில் சொல்கிறார், அதற்குத் தனியாகப் படியும் உண்டு. இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். போலீஸ் லைனில் குடியிருந்த காலத்தில் அவள் சொல்லாத பதிலா?

கட்டுரையாளர் சொல்வது போல இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. பீட், அதாவது ஒரு காவலருக்கென்று தெருக்களை ஒதுக்கிச் சுற்றிவர விடுவது, நம்மிடமும் இருக்கிறது, வயதிலும் நாம்தான் மூத்தவர்கள். சென்னை மாகாணத்தின் மாவட்டக் காவல் சட்டம் 1859-ல் வந்தது, அகில இந்தியப் போலீஸ் சட்டம் 1861-ல். கவாஜி தொஷியோஷி என்பவர் 1872-ல் ஐரோப்பா போய்ப் பார்த்து வந்து டோக்கியோ போலீஸை அமைத்தது 1874-ல். ஆனால் நம்முடையது 1857-க்குப் பிறகு, அயர்லாந்தை அடக்கி வைக்க வெள்ளைக்காரன் உண்டாக்கிய படையின் அச்சில் வார்த்தது. அச்சு என்னவோ அதுதானே வரும்? அதற்காக ஜப்பான் போலீஸ் பிறவியிலேயே சாது என்று நினைக்க வேண்டாம். போருக்கு முன் அங்கே மனதில் நினைத்ததற்கே ஆளைத் தூக்கிப்போகும் தனிப்பிரிவு இருந்தது. போரில் தோற்ற பிறகு அமெரிக்கர்கள் 1947-ல் அந்தப் போலீஸை ஊர் ஊராகத் துண்டாக்கினார்கள். அதுவும் சரிப்படாமல் 1954-ல் ஜப்பானியர்களே அதை மாகாணப் போலீஸாக ஒட்டவைத்தார்கள், 1947-ல் மேலே உட்கார வைத்த, போலீஸ்காரர் அல்லாதவர்கள் அடங்கிய பொதுப் பாதுகாப்புக் குழுக்களை மட்டும் விட்டு வைத்தார்கள்.

என் பீட் கதைக்கு வருகிறேன். 1990 வாக்கில் எனக்கு நாலு தெரு கொடுத்தார்கள். சின்ன நோட்டு ஒன்று போட்டேன். எந்த வீட்டில் பையன் துபாயில் இருக்கிறான், எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த முக்கில் எத்தனை மணிக்குப் பிராந்தி விற்கிறார்கள், எல்லாம் எழுதிவைத்தேன். இட்லிக் கடை ஆச்சி ஒருத்தி சொன்ன ஒற்றை வார்த்தையில் மோட்டார்த் திருட்டு ஒன்றைக் கண்டுபிடித்தோம். அதற்கு அடுத்த மாதமே நோட்டு நின்றுபோனது. தென்மாவட்டக் காவலரின் நாள்காட்டி அப்படி. சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து. வினாயகர் ஊர்வலம். செப்டம்பர் 11 பரமக்குடி. அக்டோபர் 30 பசும்பொன். தீபாவளிக் கூட்டம். தீபத்துக்குத் திருவண்ணாமலை. நடுவில் மந்திரி வருகை, கோர்ட் டியூட்டி, பிடிவாரண்ட், டி.எஸ்.பி. கேம்ப்புக்குத் தபால். ஊரைவிட்டு ஊர் போய்க் கல்யாண மண்டபத் தரையில் படுத்துத் திரும்பி வந்தால் ஆச்சிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு நான் ரைட்டரான காலத்தில், ராத்திரி ரோந்தில் கையெழுத்துப் போடுவதற்காக வங்கி வாசலில் தொங்கும் பட்டா புத்தகத்தில் ஏழு நாள் கையெழுத்தையும் ஒரே பேனாவில், ஒரே நாளில் போட்டுவிட்டு வருவார்கள். கண்டுபிடித்தாலும் நான் கேட்டதில்லை. ஏழு நாளும் அந்த ஆள் எங்கே இருந்தான் என்று டியூட்டி ரோஸ்டர் எழுதியதே நான்தான்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். இருக்கிறது. ஜப்பானில் ஒரு லட்சம் பேருக்கு இருநூறு போலீஸுக்குச் சற்று மேல், இந்தியாவில் நூற்றைம்பதை ஒட்டி. ஆனால் இருக்கிற ஆளையாவது அவன் தெருவில் விட்டு வைக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. ஜப்பானின் கோபன் பெட்டியைப் பார்த்து இங்கேயும் பூத் கட்டினோம். விளம்பரம் எழுதி, பெயிண்ட் அடித்து, பூட்டுப் போட்டோம். சிங்கப்பூர்க்காரர்கள் 1983-ல் ஜப்பானைப் பார்த்துத்தான் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் நிலையத்தைத் திறந்தார்கள். ஆனால் பெட்டியோடு ஆளையும் வைத்தார்கள். சின்ன நிலையத்தில் எல்லா வேலையும் முடியவில்லை என்று தெரிந்ததும் 1997 முதல் பெரிய அக்கம்பக்க மையங்களாக மாற்றிக்கொண்டார்கள். காப்பி அடித்தாலும் தங்கள் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டார்கள்.

இது முன்னறை. இனி அடுத்தது.

நாங்கள் டோக்கியோவில் இருந்தபோதுதான், செப்டம்பர் 26 அன்று, டி.வி.யில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மாப்பிள்ளையை உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். ஹகமாதா இவாவோ என்பவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. பழைய குத்துச்சண்டை வீரர், மீசோ என்ற சோயா விழுது செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1966-ல் ஷிசுவோகா மாகாணத்தில் ஒரு குடும்பத்தில் நாலு பேர் கொலையானதற்குப் பிடித்துப் போனார்கள். இருபது நாள்போல, நாளுக்கு சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் விசாரணை. ஒப்புக்கொண்டார். கோர்ட்டில் இல்லை என்றார். கைதாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு மீசோ தொட்டிக்குள் ரத்தக்கறை படிந்த துணிகள் 'கிடைத்தன'. 1968-ல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2014-ல் வெளியே விடும்வரை, அன்று காலைதான் கடைசிக் காலையோ என்று ஒவ்வொரு நாளும் விழித்தவர். அந்தத் துணிகள் விசாரித்தவர்கள் ஜோடித்த சாட்சியம் என்று 2024 தீர்ப்பு சொன்னது. அக்டோபரில் மாகாணப் போலீஸ் தலைவர் வீடு தேடிப் போய் இடுப்பை வளைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த 88 வயதுக் கிழவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் புத்தி எப்போதோ ஜெயிலில் கலைந்துவிட்டது.

அதே ஜப்பான். எனக்கு வழி காட்டிய பையனின் போலீஸ்தான். அங்கே குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஒருவரை 23 நாள் வரை வைத்திருக்கலாம், பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷன் அறையிலேயே. விசாரணையின்போது வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாது. விசாரணையை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்ற சட்டம் 2019-ல்தான் அமலுக்கு வந்தது, அதுவும் சில வகை வழக்குகளுக்கு மட்டும். வழக்குத் தொடுத்தால் நூற்றுக்கு 99-க்கு மேல் தண்டனை. உங்கள் கட்டுரையாளர் இந்த 99-ஐத் திறமைக் கணக்கில் சேர்த்திருக்கிறார். ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அந்த எண்ணைப் பார்த்தால் வேறு யோசனை வரும்.

நம் சட்டம் இந்த இடத்தில் ஜப்பானைவிடக் கண்டிப்பானது. 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னது. புதுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. பிறகு எதற்கு அடிக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். பழைய 27-வது பிரிவுக்காக அடிக்கிறார்கள். குற்றவாளி சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கைப்பற்றினால் அந்த அளவுக்கு அவன் பேச்சு செல்லும். ஆகவே வாயிலிருந்து கத்தி வர வேண்டும், நகை வர வேண்டும், மகஜர் என்கிற கைப்பற்றல் குறிப்பில் வி.ஏ.ஓ. கையெழுத்து வர வேண்டும். அதற்கு 24 மணி நேரம் போதாது.

போதாத நேரத்தை யார் உண்டாக்குவது? ரைட்டர்தான். எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று சொல்லமாட்டேன். சைக்கிள் திருட்டில் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தில் மாலை 6.40. ஜி.டி. என்கிற ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் நான் எழுதிய கைது நேரம் மறுநாள் மாலை 4.15, பேருந்து நிலையம் அருகே, சந்தேகப்படும்படி நின்றவரை. அய்யா சொன்னார், எழுதினேன். இடையில் இருந்த இருபத்தொன்றரை மணி நேரத்தில் அந்த ஆள் எந்தப் பேப்பரிலும் இல்லை. சைக்கிள் வேறு ஒருவனிடம் அகப்பட்டது. இவரை "போய்யா" என்று அனுப்பினார்கள். இந்த மாதிரி எத்தனை எழுதினேன் என்று எண்ணி வைக்கவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் செத்தபோது ஒரு பெண் தலைமைக் காவலர் விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் பார்த்ததைச் சொன்னார். நான் பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் செய்யவில்லை. அங்கே கேமரா இருந்தது என்பதையும், பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்பதையும் அதே மாஜிஸ்திரேட் எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், லாக்கப்பும் தெரிய வேண்டும், குரலும் கேட்க வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும் என்றது. கேமரா வந்தது. அது பழுதானால் யாருக்குத் தெரியும்? ஸ்டேஷனுக்குத்தான்.

பின்னறையைத் திறந்து காட்டிய நாடும் ஆசியாவில் உண்டு. 1987 ஜனவரியில் தென் கொரியாவில் பாக் ஜோங்-சுல் என்ற கல்லூரி மாணவர் சியோலின் நம்யோங்-தோங் விசாரணைக் கூடத்தில் செத்தார். மேஜையைத் தட்டினோம், பயந்து விழுந்துவிட்டான் என்று போலீஸ் சொன்னது. ஜனம் தெருவுக்கு வந்தது, அந்த வருஷமே ஆட்சி முறை மாறியது. பின்னாளில் விசாரணை அறையில் வக்கீல் உட்காரும் உரிமையைச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஐந்தாம் மாடியில் ஆள் தலை நுழையாத ஒல்லி ஜன்னல்கள் வைத்துக் கட்டிய அந்தக் கூடம் இப்போது நினைவிடம்.

ஆனால் மேல்பார்வை விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஹாங்காங் கதை. அறுபதுகளில் அங்கே லஞ்சத்துக்குத் 'தேநீர்க் காசு' என்று பெயர். டீ செலவுக்கு என்று நாம் சொல்லவில்லையா, அதேதான். புதிதாகச் சேர்கிற போலீஸ்காரருக்கு அங்கே ஒரு பஸ் உபதேசம் இருந்ததாக 1973 விசாரணை அறிக்கையே எழுதியிருக்கிறது: பஸ்ஸில் ஏறிக்கொள், இல்லையென்றால் பக்கத்தில் ஓடி வா, குறுக்கே மட்டும் நிற்காதே. நான் பக்கத்தில் ஓடி வந்தவன். அந்த வருஷம் பீட்டர் காட்பர் என்ற தலைமைக் கண்காணிப்பாளர், கணக்குக் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே, தன் போலீஸ் பாஸைக் காட்டி விமான நிலையத்தைக் கடந்து லண்டன் போய்விட்டார். அதுவரை போலீஸின் லஞ்சத்தைப் பிடிக்கிற பிரிவு போலீஸுக்குள்ளேயே இருந்தது. 1974 பிப்ரவரியில் அதைப் பிடுங்கி, கவர்னருக்கு மட்டும் பதில் சொல்லும் தனி ஆணையமாக வெளியே வைத்தார்கள். 1977-ல் போலீஸ்காரர்களே ஊர்வலம் போய் அந்த ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து அடித்தார்கள். கவர்னர் பழைய குற்றங்கள் பலவற்றை மன்னித்துத்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. ஆணையம் நிலைத்து நின்றது. சிங்கப்பூரும் இதற்கு முன்பே இதைக் கற்றது. 1951-ல் அபின் கொள்ளை ஒன்றில் போலீஸ் துப்பறிவாளர்களே இருந்தது தெரிந்து, 1952-ல் லஞ்சப் புலனாய்வை வெளியே எடுத்தார்கள். அதே சிங்கப்பூரில் விசாரணை இல்லாமல் அடைத்துவைக்க 1955-ன் தற்காலிகச் சட்டம் ஒன்று இன்னும் தற்காலிகமாகவே நீடிக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மலேசியாவில் 2005-ல் அரச ஆணையம் ஒன்று போலீஸ் மீதான புகாரைக் கேட்க சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்றது. 2009-ல் குகன் என்ற நம் தமிழ்ப் பையன் காவலில் செத்து, அந்தப் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. அமைப்பு வந்து சேர்ந்தது 2023-ல். அதுவும் பரிந்துரை மட்டும் செய்யலாம், லாக்கப்பைப் பார்க்கப் போவதற்கு முன் தகவல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லிவிட்டு வருகிறவருக்கு எந்த ரைட்டரும் சுத்தமான ரிஜிஸ்டர் காட்டுவான். இலங்கையில் சுதந்திரமான தேசிய போலீஸ் ஆணைக்குழுவை அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் கொடுத்தது, 18 பறித்தது, 19 திருப்பிக் கொடுத்தது, 20 மறுபடி பறித்தது. பிறகு 21 வந்தது.

நம் கதைக்கு வருவோம். 2006 செப்டம்பர் 22 அன்று, முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவு போட்டது. அதில் ஒன்று புகார் ஆணையம். மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநிலப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். அதாவது என்னைப் பற்றிப் புகார் சொல்ல வருகிறவர், என்னை வேலை வாங்கிய அய்யாவின் எதிரிலேயே உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஹாங்காங் 1974-ல் எதை விட்டு வெளியேறியதோ, அதற்குள் நாம் 2013-ல் குடிபுகுந்தோம்.

அடுத்த முறை வெளிநாட்டுப் போலீஸ் பற்றிக் கட்டுரை போடும்போது உங்கள் நிருபர்களிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். ஏதாவது பத்து ஸ்டேஷன்களில் ஒரு பீட் காவலர் தன் தெருவில் ஒரு மாதத்தில் எத்தனை நாள் இருந்தார் என்று டியூட்டி ரோஸ்டரைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் 2013 சட்டத்தின் புகார் ஆணையம் எந்த அறையில் கூடுகிறது, இதுவரை எத்தனை பேரைக் கூப்பிட்டு விசாரித்தது என்று தகவல் உரிமையில் கேட்கச் சொல்லுங்கள். ரோஸ்டரை எப்படிப் படிப்பது என்று தெரியாவிட்டால் நான் வந்து சொல்லித் தருகிறேன். பஸ் செலவு என்னுடையது.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். பென்ஷனை நினைத்துச் சொல்லவில்லை. அந்த 6.40 மணி ஆள் இன்னும் அதே ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். என் பேரனுக்கு வாங்கிய மூன்று சக்கர வண்டிக்கு அவர்தான் காற்று அடித்துக் கொடுத்தார். ஜி.டி.யில் நேரத்தை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. முதலில் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் ரைட்டர்,
தென்மாவட்டம் ஒன்று.